ஏழு அடுக்கு முட்டை

அந்த வீட்டுக்கு வாடகைக்குக் குடிபோன முதல் நாளே வீட்டுக்கார அக்கா என் செருப்பைப் பிரித்துவிட்டாள்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என் இடதுகால் செருப்பை மடியில் வைத்து, மேல் பட்டையின் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு தட்டு. அதில் பட்டை, உள்ளே வைக்கிற பஞ்சு, அட்டை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எனக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டுதான் புது வேலைக்குப் போக வேண்டும்.

“இன்னாக்கா பண்ற?”

“இத எங்க வாங்குன?”

“குடியாத்தத்துல.”

“தோலுன்னு சொல்லித்தான குடுத்தான்?”

“ஆமா.”

“பாரு.” பட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். மேலே பளபளவென்று ஒரு படலம். அதற்குக் கீழே அழுத்தி வைத்த தவிடு மாதிரி ஏதோ ஒன்று. “தோல் கழிவ அரைச்சி ஒட்டி மேல பெயின்ட் அடிச்சிருக்கான். கேட்டா பொய் சொல்லுவாங்கம்மா. கையில இருக்குற பீஸ் பொய் சொல்லாது.”

பிறகு திரும்பத் தைத்துக் கொடுத்தாள். பழைய ஓட்டைகளிலேயே, ஒன்று விடாமல் ஊசியை விட்டு. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்து, “துணின்னா ஓட்டை தானா மூடிக்கும். தோலு அப்டி இல்ல. ஒரு தரம் குத்துனா குத்துனதுதான். அதே ஓட்டையிலதான் போவணும்” என்றாள். தைத்து முடித்ததும் எது பிரித்த செருப்பு, எது பிரிக்காத செருப்பு என்று எனக்கே தெரியவில்லை.

ஆம்பூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்த வீடு. அதன் முன்னறையில் ஒரு வருஷமும் நாலு மாசமும் இருந்தேன். எனக்கு அது அதிகம். எட்டாம் கிளாஸோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஒட்டினேன், லுங்கித் தறியில் நூல் சுற்றினேன், நெமிலிப் பக்கம் நாற்று நட்டேன், வேலூர் லாங் பஜாரில் ஒரு மண்டியில் அழுகின வெங்காயம் பொறுக்கினேன். சில இடத்தில் துரத்தினார்கள். சில இடத்தில் எனக்கே கால் நிற்கவில்லை. ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்கு வந்தேன். பேக்கிங் செக்‌ஷன். ஷூவுக்குள் காகிதம் திணித்து, மேலே மெல்லிய தாள் சுற்றி, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று போட்டு டப்பாவை மூட வேண்டும். அக்காவுக்கு அதே கம்பெனியில் சாம்பிள் ரூம்.

சாம்பிள் ரூம் என்றால் இதுதான்: வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ஷூ வரும். இதே மாதிரி வேண்டும் என்பார்கள். எப்படிச் செய்தது என்று சொல்ல ஒரு காகிதம்கூட வராது. அந்த ஷூவை மேசையில் வைத்து அக்கா பிரிப்பாள். லேஸ், சோல், மேல் தோல், உள் தோல், நடுவில் இருக்கிற துணி, குதிகாலில் வைக்கிற கெட்டி அட்டை. இன்ச்சுக்கு எத்தனை தையல், எந்த ஓரத்தைச் சீவி மெலிசாக்கியிருக்கிறார்கள், எது முதலில் ஒட்டியது, எது பிறகு தைத்தது. எல்லாம் பிரித்துப் போட்ட பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் பழுப்பு அட்டையில் அச்சு வெட்டி நம்பர் போடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது நாள் அதே ஷூ மேசையில் நிற்கும். இன்ஜினியரிங் படித்த பையன்கள் வந்து, “எப்டிக்கா கண்டுபுடிச்ச?” என்பார்கள். “நான் எங்க கண்டுபுடிச்சேன். அதுவே சொல்லிச்சி” என்பாள்.

கம்பெனியோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கினால் மேல் தோலை ஒவ்வொரு அடுக்காக உரித்து, எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவாள். ஒரு கல்யாணத்தில் பிரியாணியை இலையில் பிரித்து வைத்தாள்: சோறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், பட்டையும் லவங்கமும் ஒரு பக்கம். எதிர் வரிசையில் இருந்த பாய் ஒருவர் வாயில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா, சாப்புட்றியா, போஸ்ட்மார்ட்டம் பண்றியா?” என்று கேட்டேவிட்டார். “ஏலக்கா கம்மி பாய்” என்றாள் அக்கா. அவர் ஒரு வாய் போட்டு மென்று பார்த்துவிட்டு, “கம்மிதான்” என்று ஒத்துக்கொண்டார்.

எனக்கு அவளைப் பிடிக்கும். கொஞ்சம் பயமும் உண்டு. அதற்குக் காரணம் என் டி.சி.

எட்டாம் கிளாஸ் டி.சி.யை எட்டாக மடித்து, என் துணிப்பையின் அடித் துணிக்குள் வைத்துத் தைத்திருந்தேன். ஊர் ஊராகப் போகிறவளிடம் தானும் ஒரு ஸ்கூலில் இருந்தவள் என்று சொல்ல இருக்கிற ஒரே காகிதம். ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், அது என் பாய் மேல் இருக்கிறது. பிளாஸ்டிக் போட்டு, லேமினேட் செய்து.

“மடிப்புல கிழிஞ்சிக்கினு இருந்திச்சி. இன்னும் ரெண்டு மழை பட்டா போயிருக்கும்” என்றாள் அக்கா, அரிசி களைந்துகொண்டே.

“என் பையப் பிரிச்சியாக்கா?”

“அடி கனமா இருந்திச்சி. இன்னான்னு பாத்தேன்.”

நல்லதுதான் செய்தாள். அந்த டி.சி. இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரி பையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

எதையும் ஏன் வாயால் கேட்காமல் பிரித்தே பார்க்கிறாள் என்று அக்காவிடமே ஒருமுறை கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அவள் கையை நிறுத்தவில்லை.

“கேட்டேனே. எஸ்தரோட அப்பாவ நாலு வருஷம் கேட்டேன். பெங்களூர்ல எங்க தங்குற, ஏன் லேட்டு, ஏன் பணம் கம்மி. அவ்ளோ அழகா பதில் சொல்லுவான். கேக்குறதுக்கே ஆசையா இருக்கும். ஒருநாள் அவன் பர்ஸோட உள் துணியப் பிரிச்சேன்.”

“இன்னா இருந்திச்சி?”

“வேற ஒரு கொழந்தையோட ஸ்கூல் போட்டோ. மூக்கு அப்டியே அவன் மூக்கு.”

அந்தப் பர்ஸையும் அதே ஓட்டைகளில் தைத்து அவன் சட்டைப் பையில் திரும்ப வைத்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்துத்தான் அவனை வெளியே போகச் சொன்னாளாம். அந்த ஒரு வாரம் அவன் பொய் சொல்லச் சொல்ல, மூக்கைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள்.

எஸ்தர் அவளுடைய ஒரே மகள். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என்னைச் சித்தி என்பாள். சதா காதில் ஒயரும் கையில் போனும். போனில் கொரியா நாடகம். முதலில் நானும் அக்காவும் அதைக் கிண்டல் செய்தோம். “எல்லா பையனும் ஒரே அச்சுல வெட்டுன மாதிரி இருக்கானுங்க” என்பாள் அக்கா. பிறகு எஸ்தர் ஒரு நோட்டு வாங்கினாள். தினமும் சாயங்காலம் அதில் ஏதோ எழுதி, ஒரு ரெக்சின் பைக்குள் வைத்து, பைக்கு ஒரு குட்டிப் பூட்டும் போட்டாள்.

பூட்டு போட்டதுதான் தப்பு. அக்காவிடம் பூட்டைக் காட்டுவது நாயிடம் எலும்பைக் காட்டுவது மாதிரி.

எஸ்தர் இரண்டு நாள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்த நேரம். பூட்டை அக்கா தொடவே இல்லை. பையைக் கவிழ்த்து அடித் தையலை ஒரு சாண் நீளம் பிரித்து நோட்டை உருவினாள். என்னைக் கூப்பிட்டாள். “இது இன்னா எழுத்து பாரு. நீதான் ஊரெல்லாம் சுத்துனவளாச்சே.”

வட்டம், கோடு, பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் கோடு, கோட்டுக்குக் கீழே வட்டம். பக்கம் பக்கமாக. தெலுங்கு இல்லை, கன்னடம் இல்லை, உருது போர்டில் இருப்பதும் இல்லை. ஆனால் எங்கேயோ பார்த்திருக்கிறேன். பிறகு ஞாபகம் வந்தது. பேக்கிங்கில் சில டப்பாக்கள் மேல் இந்த மாதிரி ஒட்டியிருக்கும்.

“இது கொரியா எழுத்துக்கா.”

“இன்னா எழுதியிருக்கா?”

“எனக்கு எப்டித் தெரியும்? நம்ம மேடம்கிட்ட காட்டுனா படிச்சிடும்.”

சொன்னது நான்தான். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

கொரியா மேடம் வாரத்தில் மூன்று நாள் எங்கள் கம்பெனிக்கு வருவார். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘ஜாஸ்தி’, ‘கம்மி’, ‘நோ குட்’ என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதை வைத்தே இரண்டு லைன் ஆட்களை வேலை வாங்கினார். மீதிப் பேச்சுக்குப் போன். அவர் போனிடம் பேசுவார், போன் எங்களிடம் தமிழில் பேசும், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமில் வைத்து அக்கா நோட்டை நீட்டினாள். மேடம் புரட்டிப் பார்த்தார். புருவம் ஏறியது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். போன் சொன்னது:

“நான் சந்தைக்குச் செல்கிறேன். இன்று மழை பெய்கிறது. என் தாயார் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். என் தாயார் எல்லாப் பொருட்களையும் பிரிப்பார். எங்கள் வீட்டில் வெங்காய ஆம்லெட் உண்டு. எனக்குச் சுருட்டிய முட்டை உண்ண ஆசை.”

“பாடம் எழுதிப் பழகியிருக்கா” என்றாள் அக்கா. காதல் கடிதம் இல்லை என்று நிம்மதி. எனக்கு மட்டும் அந்த நாலாவது வரி காதிலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட, எழுந்து போனாள். மேடம் பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனா எடுத்து நோட்டில் இரண்டு இடத்தில் அடித்து, மேலே வேறு எழுத்து எழுதினார். கீழே சின்னதாக ஒரு வரியும். டீச்சர் திருத்துகிற மாதிரி. என்னைப் பார்த்துச் சிரித்து, “பொண்ணு, குட்” என்றார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல மார்க்கு போட்டார் என்று நினைத்தேன். அந்த நோட்டு எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை. அவளும் புரட்டிப் பார்க்காமல் பைக்குள் செருகி அதே ஓட்டைகளில் தைத்துவிட்டாள்.

மறுநாள் மேடம் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தார். “பொண்ணு. ஈட்.” உள்ளே இரண்டு துண்டு. மஞ்சளாக, விரல் கனம், பக்கவாட்டில் பார்த்தால் சுருட்டி வைத்த பாய் மாதிரி சுற்றுச் சுற்றாக. நடுநடுவே காரட்டும் வெங்காயத்தாளும் பொடிப்பொடியாக. கொரியாவில் வீட்டில் செய்கிற முட்டை அதுதானாம். அக்கா ஒரு துண்டை மகளுக்கு என்று மூடிவைத்தாள். இன்னொன்றை மேசையில் வைத்தாள். சாம்பிள் ரூமே கூடிவிட்டது. முனையைக் கத்தி நுனியால் கிளப்பி, சுருளை மெதுவாக நீட்டி, உள்ளே போகப் போக அளவு எடுத்து, தோல் கனம் பார்க்கிற கடிகாரம் மாதிரிக் கருவியைத் துடைத்து அதில் ஒவ்வொரு அடுக்கையும் வைத்துப் பார்த்தாள்.

“ஏழு அடுக்கு. உள்ள போவப்போவ நீளம் கம்மி.”

ஒரு வாய் சாப்பிட்டுப் பார் என்று யாரோ சொன்னதற்கு, “சாம்பிள எவனாவது திம்பானா?” என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த டப்பாவோடு நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது எஸ்தர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இதுல யாரு எழுதுனது?”

சிவப்பு மை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“எங்க கம்பெனி மேடம்” என்றாள் அக்கா. அவள் பொய் சொல்வதில்லை. “பைய நான்தான் பிரிச்சேன்.”

“பூட்டு போட்டிருந்தேனேம்மா.”

“பூட்ட நான் தொடல.”

“கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா சொல்லியிருப்பியா?”

“நீ என்கிட்ட ஒரு தரம்கூட கேட்டதில்லயேம்மா. நான் சொல்லுவேனா மாட்டேனான்னு உனக்கு எப்டித் தெரியும்?” எஸ்தர் பையைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். “எங்க பிரிச்சன்னு இப்பகூட எனக்குத் தெரியல. அதான் பயமா இருக்குது. இதுக்கு முன்னாடி எத்தனை தரம் பிரிச்சியோ.”

அக்கா டப்பாவை நீட்டினாள். எஸ்தர் வாங்கவில்லை. அந்தத் துண்டு சமையல் மேடையில் இருந்து, காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அன்றிலிருந்து எஸ்தர் அம்மாவிடம் பேசவில்லை. அம்மா சமைத்ததைத் தொடவில்லை. தனியாக நூடுல்ஸ் கிண்டிக்கொள்வாள், இல்லாவிட்டால் என் அடுப்பில் வந்து ஒரு தோசை வார்த்துக்கொள்வாள். பட்டினி நான் நிறையப் பார்த்தவள். எதிரில் சோறு இருக்கும்போது இருக்கிற பட்டினி வேறு மாதிரி இருக்கிறது. அக்கா தினமும் என்னையும் சேர்த்து மூன்று பேருக்குச் சமைத்தாள். தினமும் ஒரு பங்கு மிச்சமானது.

ஒரு வாரம் போனது. எஸ்தர் என்னிடம் மட்டும் சொன்னாள். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கொரியாக்காரர் கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டது. பாஷை கொஞ்சம் தெரிந்ததால் எடுத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் உண்டு. அடுத்த திங்கட்கிழமை போக வேண்டும்.

“அம்மாகிட்ட சொல்லு எஸ்தர்.”

“நான் எதுக்கு சொல்லணும்? பையப் பிரிச்சா லெட்டர் இருக்கும்.” பிறகு கொஞ்சம் இறங்கின குரலில், “போய்ட்டா திரும்ப வரமாட்டேன் சித்தி. இந்த வீட்ல எனக்குன்னு மூடி வைக்க எதுவுமே இல்ல” என்றாள்.

சிவப்பு மையைப் பற்றிச் சொல்லாமல் விட்டதன் பலனைப் பார்த்தாகிவிட்டது. இந்த முறை அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன், கடைசி வார்த்தை வரைக்கும். அவள் கையிலிருந்த கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியை இன்னொரு தடவை கழுவினாள்.

“திங்கக்கெழமையா?”

“ஆமாக்கா.”

“அதுக்குள்ள அந்த முட்டைய அவ வாயில வச்சிடணும்.”

இதைக் கேட்டு யாராவது சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் தன் நோட்டில் ஆசை என்று எழுதியதில் அவளால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

போனில் தட்டினால் ஆயிரம் வீடியோ வரும் என்று சொன்னேன். கேட்கவில்லை. “வீடியோல கை மறைச்சித்தான் காட்டுவான். நான் பீஸ பாத்துட்டேன். ஏழு அடுக்கு.” பழுப்பு அட்டையில் ஏழு அச்சு வெட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டாள். தோசைக்கல்லில் ஏழு மெல்லிய ஆம்லெட்டுகள் தனித்தனியாக வார்த்தாள். ஆறினதும் அச்சை மேலே வைத்து வெட்டினாள். முனைகளைக் கத்தியால் சாய்வாகச் சீவினாள், ஒட்டு தெரியக்கூடாது என்று. ஷூவுக்கு அப்படித்தான். பிறகு பச்சை முட்டையை அடித்து, பிரஷ்ஷால் பசை மாதிரித் தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிச் சுருட்டி, மேலே ஒரு பலகையும் பலகை மேல் இட்லி மாவுக் குண்டானும் வைத்து அழுத்தினாள்.

வெட்டினபோது பார்க்க அச்சு அசல் அதேதான். சுற்றுக்குச் சுற்று, கனத்துக்குக் கனம். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். ஏழும் ஏழு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. நடுவில் பச்சை முட்டை.

“நல்லா இருக்குதா?”

“பசை காயாத ஷூவ போட்டுக்கினு நடக்குற மாதிரி இருக்குதுக்கா.”

அடுத்த நாள், பசை காயட்டும் என்று ஆவியில் வைத்தாள். ஒட்டுகள் விறைத்துக்கொண்டு, வெட்டின துண்டுகள் தட்டில் தானாகச் சுருள் பிரிந்து எழுந்தன. அதையும் நான்தான் தின்றேன். அந்த வாரம் முழுக்க முட்டைதான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலேயே மறுபடியும் ஏழு ஆம்லெட் வார்த்து, வெட்டி, நம்பர் வரிசையில் தட்டில் அடுக்கியிருந்தாள். பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். திரும்பவும் எடுத்தாள். உள்ளே எஸ்தர் துணிமணி அடுக்குகிற சத்தம் கேட்டது. பை ஜிப் இழுக்கிற சத்தம்.

அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு மகளின் கதவண்டை போய் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகவில்லை.

“எஸ்தர். இது எனக்கு வர்ல. இத எப்டி செய்யணும்?”

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தேன். ‘எப்டி’ என்று அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எஸ்தர் திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். நீளவாரியாக ஏழு மஞ்சள் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்பர் போட்ட அட்டை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

“இன்னாம்மா இது? எந்த கால் ஷூ? லெஃப்டா ரைட்டா?”

அக்கா சிரிக்கவில்லை. “தெரில. அதான் கேக்குறேன்.”

எஸ்தர் தலைமுடியை முடிந்துகொண்டு சமையல் மேடைக்கு வந்தாள். அவளும் செய்ததில்லை, பார்த்ததோடு சரி. முட்டையை அடித்து, வடிகட்டி, பொடியாக நறுக்கின காரட்டும் வெங்காயத்தாளும் உப்பும் போட்டாள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, அடுப்பைச் சின்னதாக வைத்து, மெலிசாக ஊற்றினாள். மேலே ஈரம் இருக்கும்போதே ஒரு பக்கத்திலிருந்து சுருட்டத் தொடங்கினாள். பாதியில் கிழிந்தது.

“தோ, கிழிஞ்சிச்சி” என்றேன்.

“பரவால்ல சித்தி, உள்ளதான போவப்போவுது.” சுருளைக் கல்லின் ஓரத்துக்குத் தள்ளினாள். காலியான இடத்தில் மறுபடி எண்ணெய் தடவி, மறுபடி முட்டை ஊற்றி, சுருளைக் கொஞ்சம் தூக்கி அதற்கு அடியிலும் ஓடவிட்டாள். “பாரும்மா. தனித்தனியா வெட்டக்கூடாது. இது அடுப்புமேல இருக்கும்போதே சுத்தணும். வேவும்போதே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.”

“பசை?”

“பசை வேணாம்.”

அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். நாலாவது தடவை ஊற்றும்போது எஸ்தர் கரண்டியை அவளிடம் நீட்டினாள். அக்கா சுருட்டினாள். கை அன்றைக்கு மெதுவாகத்தான் போனது. ஓரம் கோணல்மாணலாக வந்தது. ஒரு பக்கம் லேசாகக் கருகியும் விட்டது. ஆறவைத்து எஸ்தர் வெட்டினாள். முதல் துண்டை ஒரு தட்டில் வைத்து அம்மா பக்கம் தள்ளினாள்.

அக்கா துண்டை எடுத்தாள். பழக்கதோஷம், கட்டைவிரல் நகம் தானாகச் சுருளின் முனையைத் தேடிப் போனது. எஸ்தர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

விரல் நின்றது. அக்கா துண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

“எத்தனை அடுக்கு?” என்றாள் எஸ்தர்.

அக்கா மென்று முழுங்கினாள். “எண்ணல.”

எஸ்தர் அடுத்த துண்டை எடுத்துத் தின்றாள். அப்புறம் கருகின துண்டையும்.

திங்கட்கிழமை காலை ஆட்டோ வந்தது. பைகள் வாசலில் இருந்தன. ரெக்சின் பையில் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அக்கா அதன் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்தாள். அடியில் கை கொடுக்கவில்லை.

“எப்ப வருவ?” என்று கேட்டாள்.

எஸ்தர் அவளைப் பார்த்தாள். “ரெண்டு வாரம் கழிச்சி சனிக்கெழம. நாலு மணிக்குள்ள வந்துடுவேன்.”

“சரி” என்றாள் அக்கா.

அந்த இரண்டு வாரமும் அவள் போன் செய்து வருவாயா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானமே முட்டையை அடித்து, வடிகட்டி, காரட் நறுக்கி வைத்துவிட்டாள். தோசைக்கல்லும் அடுப்பில் ஏறியாயிற்று. நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றேன்.

“வேணாம். வர்றேன்னு சொன்னா இல்ல?”

கையைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள். மணி நாலரை இருக்கும், வாசல் கேட் கிறீச்சென்றது. அக்கா திரும்பிப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.